எங்கள் கில்டின் லூட் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டில், கில்டு என்னும் நம் குழு மோல்டன் கோர் என்ற எரிமலைக் குகைக்குள் இறங்கிய முதல் வாரத்திலிருந்து, காயம் ஆற்றும் ஹீலராக உடன் வருகிறேன். கிடைக்கும் பொருள்களை யாருக்குத் தருவது என்று முடிவு செய்யும் இந்தக் கவுன்சிலைக் கலைக்கும்படி கேட்க இதை எழுதவில்லை. பாஸ் எனப்படும் பெரிய எதிரியிடமிருந்து பொருள் விழுந்த பிறகு யாருக்கு என்று கூடிப் பேசும் வழக்கத்தை விட்டு, விழுவதற்கு முன்பே வரிசையை அனைவரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

சென்ற ரெய்டில், அதாவது நாம் கூட்டாகப் போன படையெடுப்பில், மேஜர்டோமோ என்ற பாஸ் சரணடைந்து பெட்டி தோன்றியபோது, ஹீலர்களில் ப்ரீஸ்ட் வகையினர் மாதக்கணக்கில் காத்திருந்த ஐ ஆஃப் டிவினிட்டி என்ற அரிய பொருள் அதில் இருந்தது. நீங்கள் டிஸ்கார்டில் தனி அறைக்குப் போனீர்கள். நாங்கள் பெட்டியைச் சுற்றிப் பேச்சில்லாமல் நின்றோம். திரும்பி வந்து நீங்கள் அறிவித்த பெயர், கில்டில் சேர்ந்து மூன்று வாரமே ஆன, உங்களில் ஒருவரின் நண்பருடையது. ஒரு ரெய்டுகூடத் தவறாமல், மந்திர சக்தியை மீட்டுத் தரும் மானா போஷனைத் தம் செலவிலேயே வாங்கிக்கொண்டு வரும் நம் மூத்த ப்ரீஸ்ட் 'வாழ்த்துகள்' என்று ஒரு சொல் தட்டிவிட்டு, கடைசி பாஸான ராக்னரோஸ் விழும்வரை, முன்னே நின்று அடி தாங்கும் டேங்கைக் காப்பாற்றிக் கொடுத்தார். உங்கள் முடிவுக்குத் தக்க காரணம் இருந்திருக்கலாம். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

தண்டர்ஃப்யூரி என்ற புகழ்பெற்ற வாள் விஷயத்தில் நீங்களே வேறு விதமாக நடந்துகொண்டீர்கள். கார், பாரன் கெடன் என்ற இரண்டு பாஸ்களிடமிருந்தும் கிடைக்கும், அந்த வாளுக்குத் தேவையான பைண்டிங்குகள் எப்போது விழுந்தாலும் மெயின் டேங்குக்கே என்று முதல் வாரமே அறிவித்தீர்கள். மிக அரிதாகவே விழும் அந்தப் பொருள் காரிடமிருந்து விழுந்தபோது, நாற்பது பேரில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பொருள் கண்முன்னே இல்லாதபோது எடுத்த முடிவாதலால், அதில் யாருக்கும் ஐயம் எழவில்லை.

புள்ளிக் கணக்குக்கே திரும்பிவிடலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 1999இல் எவர்க்வெஸ்ட் விளையாட்டில் நாகஃபென், வாக்ஸ் என்ற டிராகன்களைக் கொல்ல வந்தவர்களுக்குப் புள்ளி கொடுத்துத் தொடங்கிய டிகேபி முறையில், பழையவர்கள் புள்ளியைச் சேர்த்துக் குவித்துக்கொண்டே போக, புதியவர்களால் அவர்களை எட்டிப் பிடிக்கவே முடிவதில்லை. உழைப்புப் புள்ளியைப் பெற்ற பொருளின் புள்ளியால் வகுத்து, வாரந்தோறும் இரண்டையும் தேயவிடும் ஈபிஜிபி என்ற முறை அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. ஆனாலும் எந்தப் பொருள் யார் கையில் இருந்தால் ரெய்டு முழுவதும் பலம் பெறும் என்பதைப் புள்ளி அறியாது, நீங்கள் அறிவீர்கள். விளையாட்டுக்குள் புழங்கும் பணமான கோல்டுக்குப் பொருளை ஏலம் விடும் ஜிடிகேபி முறையின் பக்கம் நாம் போகவே வேண்டாம். நிஜக் காசு கொடுத்து வாங்கிய கோல்டு அதில்தான் வந்து சேர்கிறது. கிளாசிக்கின் ஒரு வடிவமான சீசன் ஆஃப் டிஸ்கவரியில், 2024இல் விளையாட்டை நடத்தும் பிளிசார்டு நிறுவனமே அதைத் தடை செய்தது.

ஆகவே அரிய பொருள் ஒவ்வொன்றுக்கும் அடுத்த மூன்று பெயர்களையும், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிக் காரணத்தையும் கில்டு சேனலில் இடுங்கள். தமக்கோ தம் நண்பருக்கோ உரிய பொருளென்றால் அந்த உறுப்பினர் ஒதுங்கி நிற்கட்டும். இடமில்லாமல் வெளியே காத்திருந்த இரவுகளையும் வருகையாகக் கணக்கில் கொள்ளுங்கள். ஹீலர்களில் பலருக்கு அதுதான் பெரிய குறை. பாஸ்கள் மறுபடி தோன்றும் அடுத்த வாராந்திர ரீசெட்டுக்கு முன்பே, ஐ ஆஃப் டிவினிட்டிக்கு நேரே தம் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நம் ப்ரீஸ்ட் பார்த்துவிட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஹீலர்களில் ஒருவன்