செயலாளர் ஆண்டறிக்கை: நிலம் எழுதிவைத்தவர்களும் பணம் எழுதிவைத்தவர்களும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் குளிரைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் விருந்தினர்களுக்கும் வணக்கம்.

கிழக்கு லண்டனில் குடியிருக்கும் நாம், குடியிருக்கும் ஊரின் பழைய கதையையும் தெரிந்துகொள்வோம் என்று தொடங்கிய நம் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். சென்ற பொதுக்குழுவில் இந்த ஆண்டுக்குப் பாரிஷ்களை, அதாவது ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதிகளை, எடுத்துக்கொள்வது என்று முடிவானபோது, "அது மதப் பிரசாரம் ஆகிவிடாதா, ஐயா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஊரில் கத்தோலிக்கர் பங்கு என்றும் சி.எஸ்.ஐ. சபையார் சேகரம் என்றும் சொல்வதைவிட இங்கிலாந்தின் பாரிஷ் அகலமானது. 1555-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாலையைச் செப்பனிட்டதும், 1601-ஆம் ஆண்டு ஏழையர் சட்டப்படி வரி தண்டி இல்லாதவர்களுக்குப் படியளந்ததும் இந்தப் பாரிஷ்தான். 1894-இல் கிராமங்களுக்குப் பாரிஷ் கவுன்சில்கள் வந்த பிறகே அங்கே கோயில் கணக்கும் ஊர்க் கணக்கும் பிரிந்தன. விளக்கியதும் அவர் சமாதானமானார். இப்போது அவர்தான் எல்லாருக்கும் முன்னால் நடக்கிறார்.

முதல் நடை மேனர் பார்க் சர்ச் ரோட்டில். முருகன் கோயிலுக்குப் போகும் அந்தச் சாலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று நம்மில் பலர் யோசித்ததில்லை. அதே சாலையில் லிட்டில் இல்ஃபோர்டு தூய மரியாள் ஆலயம் இருக்கிறது. அதன் நடுக்கூடம் 12-ஆம் நூற்றாண்டு. உள்ளே தாமஸ் ஹெரன் என்ற பள்ளிச் சிறுவனின் பித்தளை நினைவுத் தகடு உண்டு. எட்டாம் ஹென்றியின் பொருளாளர்களுள் ஒருவருடைய மகன். 1517-இல் 14 வயதில் இறந்தான். இடுப்பில் எழுதுகோல் கூடும் மைக்கூடும் தொங்க நிற்கிறான். அன்று வந்திருந்த குழந்தைகள் வேறெதையும் பார்க்கவில்லை.

இரண்டாவது நடையில் செயலாளரின் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஈஸ்ட் ஹாம் மகதலேனா மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டம் ஏறத்தாழ 9 ஏக்கர். பழங்காலக் கல்வட்டங்களான ஸ்டோன்ஹெஞ்சையும் ஏவ்பரியையும் அளந்து எழுதிய வில்லியம் ஸ்டூக்லி 1765-இல் அங்கே அடக்கம் செய்யப்பட்டார். "அவர் கல்லறையைக் காண்போம்" என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டேன். அவருக்குக் கல்லே வைக்கவில்லை என்பதை அன்று காலைதான் படித்தேன். அதற்குள் ஒரு குழு முட்புதருக்குள் ஒரு மணி நேரம் தேடிவிட்டது. ஆலயத்துக்குள் 1621-இல் இறந்த ஜைல்ஸ் பிரீமின் நினைவுச்சின்னத்தைக் காட்டிக் கோபத்தைத் தணித்தோம். ஏழைகள் தங்க வீடுகள் கட்ட உயில் எழுதியவர் அவர்.

அந்த உயிலிலிருந்துதான் ஆண்டு முழுவதும் நம்மை விடாத பேச்சு தொடங்கியது. தர்மம் எழுதிவைத்தவர்கள் இரண்டு வகை. ஆண்டுக்கு 40 ஷில்லிங்குக்கு ரொட்டி வாங்கி ஏழைகளுக்குத் தருக என்று தொகையைக் குறித்தவர்கள் ஒரு வகை. அந்த 40 ஷில்லிங் இன்று 2 பவுண்டு. இரண்டு ரொட்டிக்கே இழுபறி. குத்தகை வருமாறு நிலத்தை எழுதிவைத்தவர்கள் மற்றொரு வகை. விலைவாசி ஏறினால் குத்தகையும் ஏறும். நம் கோயில் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க ‘சந்திராதித்தவல்’, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, நிலம் விட்டவர்களுக்கும், எண்ணிக்கை குறையாமல் காக்கவேண்டிய சாவா மூவாப் பேராடுகள் விட்டவர்களுக்கும் இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது.

இதை நேரில் பார்க்கத்தான் ஈஸ்டர் திங்களன்று கென்ட் மாவட்டத்தின் பிடெண்டன் கிராமத்துக்குப் போனோம். மேரி, எலைசா சல்க்ஹர்ஸ்ட் என்ற ஒட்டிப்பிறந்த சகோதரிகள் 1100-இல் பிறந்து 34 ஆண்டுகள் வாழ்ந்தார்கள், 20 ஏக்கர் நிலத்தை ஏழைகளுக்கு விட்டுச் சென்றார்கள் என்பது ஊர் வழக்கு. அந்த நிலத்துக்குப் பெயரே ‘ரொட்டி பாலாடைக்கட்டி நிலம்’. 18-ஆம் நூற்றாண்டில் கென்ட் வரலாறு எழுதிய எட்வர்ட் ஹேஸ்டட் சகோதரிகள் கதையை ஏற்கவில்லை. ரொட்டியில் பதித்த உருவம் இரண்டு ஏழைக் கைம்பெண்களைக் குறிக்கிறது என்றார். எனக்கும் 1100 என்ற ஆண்டின் மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் நிலம் கதையல்ல. 17-ஆம் நூற்றாண்டில் அவ்வூர்ப் பாதிரியார் அதைத் தம் பதவிக்குரிய மானியம் என்று வழக்காடித் தோற்றார். பிறகு நிலம் வீட்டுமனைகளாக விலைபோனது. அந்தப் பணம் அறக்கட்டளைக்கு வலுச் சேர்த்தது. இன்றும் பழைய ஏழையர் விடுதியின் சன்னல் வழியே ஊர் முதியவர்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தேயிலையும் தருகிறார்கள். வெளியூர்க்காரர்களான நமக்குச் சகோதரிகள் உருவம் பதித்த பிஸ்கட் கிடைத்தது. கல்லைப் போல் இருந்தது; நினைவுக்கு வைத்துக்கொள்ள ஏற்றது.

நவம்பர் கூட்டத்தில் நம் உறுப்பினரான வழக்கறிஞர் ஆஸ்டன் கேன்ட்லோ வழக்கை விளக்கினார். அரங்கம் நிறைந்த கூட்டம் அது ஒன்றுதான், காரணம், நம் வீட்டு நிலத்தோடும் பழைய கடமை ஏதும் ஒட்டியிருக்குமோ என்ற பயம். வாரிக்‌ஷயர் மாவட்டத்தில் ஒரு தம்பதியின் பண்ணையில் அடங்கிய நிலம், 1743-இல் பொதுநிலம் பிரித்தபோது தசமபாகத்துக்கு (ஆலயத்துக்குரிய விளைச்சலில் பத்திலொரு பங்குக்கு) பதிலாக ஒதுக்கியது. அதை வைத்திருப்பவர் ஆலயத்தின் பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்க வேண்டும் என்ற கடமையும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தது. 2003-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அந்தத் தம்பதிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பழுதுச் செலவு மட்டும் 1,86,000 பவுண்டுக்கு மேல். கடைசியில் பண்ணையை விற்றார்கள். வீடு வாங்கியபோது வழக்கறிஞர் ரசீதில் பலிபீடப் பகுதிக் காப்பீடு என்று ஒரு வரி ஏன் இருந்தது என்பது அன்று பலருக்கு விளங்கியது.

வரும் ஆண்டில் சாலிஸ்பரி அருகே ஸ்ட்ராட்ஃபோர்டு சப் காசில் போகலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்து, பெரிய வைரத்தோடு பணக்காரரான தாமஸ் பிட், அவ்வூர் ஆலயக் கோபுரத்தில் தம்மைக் கொடையாளர் என்று 1711-இல் பொறித்துக்கொண்டார். அந்தக் கொடையில் நம் மண்ணின் பங்கு எவ்வளவு என்று நின்று யோசிக்க வேண்டிய இடம்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். முடிவெடுக்க வேண்டியது ஒன்றுண்டு. பெயர் வெளியிட விரும்பாத உறுப்பினர் ஒருவர், ஆண்டுதோறும் சிறுவர் கட்டுரைப் பரிசுக்கென ஒரு தொகையைச் சங்கத்திடம் ஒப்படைக்க முன்வந்துள்ளார். பிடெண்டன் போய்வந்த செயற்குழுவோ நிலமாகத் தர முடியுமா என்று கேட்டது. நியூஹாமில் தம் காரை நிறுத்தவே தமக்கு இடமில்லை என்று பதில் வந்திருக்கிறது. தொகையாகவே ஏற்பதா என்பதை இக்கூட்டம் வாக்கெடுத்துச் சொல்ல வேண்டும்.

செயலாளர்