நூலகப் பணியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைச் சேர்த்துக்கொண்டது குத்திக்காட்டுவதற்காக அல்ல. போன வருட அறிக்கையை வாசித்து முடித்தபோது, கேட்டவர்களைவிட மேசைமேல் மிஞ்சிய பிரதிகள் அதிகமாக இருந்தன. அதனால் இந்த முறை எல்லோர் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுகிறேன். கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வழக்கமான காரியங்களை முதலில் முடித்துவிடலாம். செயற்குழு ஆறு முறை கூட வேண்டும், நான்கு முறை கூடியது. மற்ற இரண்டுக்கும் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள், இல்லை. பணி ஓய்வு பெற்ற இருவருக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. புதிய மாணவர்களுக்கான நூலக அறிமுகம் நடந்தது. படிப்பறையின் உடைந்த நாற்காலிகள் பற்றி மூன்று கடிதங்கள் எழுதினோம், ஒன்றுக்குப் பதில் வந்தது. நாற்காலி வரவில்லை.

இனி நெகிழ்வு நேரத் திட்டம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "இதைக் கேட்டது யார்?" என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். கேட்டது நீங்கள்தான். போன வருடப் பொதுக்குழுத் தீர்மானம் என்னிடம் இருக்கிறது, கையெழுத்துகளோடு.

நூலகம் காலை 8 முதல் இரவு 8 வரை திறந்திருக்கிறது. ஒருவர் அன்றாடம் பார்க்க வேண்டியது எட்டு மணி நேரம். அதை 8 முதல் 4 வரை, 10 முதல் 6 வரை, 12 முதல் 8 வரை என்ற மூன்றில் எதில் பார்ப்பது என்பதை அவரவர் மாதம் ஒருமுறை தேர்ந்தெடுக்கலாம். எந்த ஷிஃப்டாக இருந்தாலும் பகல் 12 முதல் 4 வரை எல்லோரும் இருக்க வேண்டும், அது மைய நேரம். இது நான் கண்டுபிடித்ததல்ல. 1967-லேயே ஜெர்மனியில், மியூனிக் அருகே ஒரு விமானத் தொழிற்சாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து வழியெல்லாம் நெரிசலானதால் இப்படி மாற்றினார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே நெகிழ்வு நேரம் கேட்கும் உரிமை சட்டப்படி உண்டு. கேட்கும் உரிமைதான், கேட்டதெல்லாம் கிடைக்கும் உரிமை இல்லை. நம் உறுப்பினர்கள் சிலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்திட்டத்துக்கு அனுமதி கேட்டு எழுதிய மனுவில், நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் நூலக விதிகளை ஏன் இழுத்தேன் என்றும் ஒரு முணுமுணுப்பு. 1931-இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுவதற்கே என்பது. அதை விளக்கும்போது, நூலகம் எந்நேரம் திறந்திருக்கிறது, அங்கே யார் வேலை பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அவர் பேசுகிறார். கையெழுத்துப் போட வேண்டியவர் நூலகர். அவரிடம் போய் "எங்களுக்கு வசதி" என்று மட்டும் சொன்னால் கோப்பு நகராது. "வாசகருக்கு வசதி, அப்புறம் எங்களுக்கும்" என்று எழுதினேன், நகர்ந்தது. ஆறு மாதச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. நிபந்தனை இரண்டே இரண்டு: கவுன்ட்டரில் எந்நேரமும் இருவர் இருக்க வேண்டும், வியாழன் பகல் 3 முதல் 4 வரை பயிற்சி வகுப்பு நடக்க வேண்டும். காலையில் வைத்தால் மாலை ஷிஃப்ட் வராது, மாலையில் வைத்தால் காலை ஷிஃப்ட் போயிருக்கும். மைய நேரத்துக்குள் வைத்ததற்குக் காரணம் அவ்வளவுதான். யாருடைய ஓய்வையும் கெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

முதல் மாத அட்டவணையை ஒட்டினேன். 8 முதல் 4 வரையுள்ள கட்டம் நிரம்பி, பெயர்கள் ஓரத்தில் வழிந்தன. 12 முதல் 8 வரை இரண்டே பேர்.

அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு ஒரு புதன்கிழமை உடம்பு சரியில்லை. இன்னொருவர் "மாற்றிக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரோடு மாற்றிக்கொண்டார் என்பது இன்றுவரை தெரியவில்லை. மாலை 6 மணிக்குக் கவுன்ட்டரில் யாரும் இல்லை, எதிரே ஏழு பேர் வரிசை. பட்டியலாக்கப் பிரிவிலிருந்து நான் போய் உட்கார்ந்தேன். கவுன்ட்டர் வேலையை விட்டு எனக்கு எட்டு வருடம் ஆகிறது, திரையே மாறியிருந்தது. ஆய்வு மாணவி ஒருவர் கடைசிப் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு, நிலுவை இல்லாச் சான்று கேட்டார். மறுநாள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டுமாம். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன், ஆனால் திரையில் திரும்பப் பெறுவதற்குப் பதிலாகப் புதுப்பித்தலை அழுத்திவிட்டேன். புத்தகம் என் முழங்கைக்குக் கீழே இருக்கிறது, கணினியோ இன்னும் அவர் கையில் இருக்கிறது என்கிறது. சான்று வரவில்லை. என்ன தவறு என்று கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. அந்தப் பெண் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் கூடுதல் சங்கடம். பயிற்சி யாருக்குத் தேவை என்று கேட்பவர்களுக்கு: முதலில் எனக்கு.

வியாழன் வகுப்புகளைப் பற்றிச் சொல்கிறேன். கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்ளும் இருவர் போக மற்ற எல்லோரும் வர வேண்டும். சராசரியாக வந்தவர்கள் ஐந்து பேர். முதல் வகுப்பில் அலமாரி ஒழுங்கு. நூல்களை அடுக்கப் பயன்படும் வகைப்பாட்டு எண்களில் 621.4 முன்னால் வருமா, 621.38 முன்னால் வருமா என்று கேட்டேன். "முப்பத்தெட்டு பெரிசு, அது பின்னாடி" என்று பாதிப் பேர் சொன்னார்கள். தசமப் புள்ளிக்குப் பின் 38 என்பது 4-க்கு முன்னால்தான் வரும். அன்றே போய் அந்த வரிசையைப் பார்த்தோம். காணாமற்போன நூல்கள் பட்டியலில் இருந்த நான்கு புத்தகங்கள் பக்கத்துத் தட்டில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

மூன்றாவது வகுப்பில்தான் இந்த ஆண்டின் பெரிய விஷயம் வெளிப்பட்டது. தற்காலிகப் பணியில் இருக்கும் இளைஞர் ஒருவர், தேடுதளத்தில் "ஔவையார்" என்று தட்டினால் ஏன் ஒன்றும் வருவதில்லை என்று கேட்டார். அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கிறது, தேடினால் இல்லை. பதிவுகளைத் திறந்து பார்த்தோம். ஔ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதிலாக, ஒ அடித்துப் பக்கத்தில் ள அடித்திருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு. துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ர அடித்த பதிவுகளும் வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடலாமே என்றார்கள். மாற்றினால் "ஒளி" என்று தொடங்கும் நூல்கள் அத்தனையும் கெட்டுப்போகும், அங்கே ஒ-வும் ள-வும் உண்மையாகவே இரண்டு எழுத்து. ஆகவே ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்தினோம். பதினொரு வியாழக்கிழமைகள் ஆயின. வந்தது அதே ஐந்து பேர். அந்தப் பழைய பதிவுகளில் என் கையால் ஏற்றியவையும் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வருகைப் பதிவேட்டில் மட்டும் ஐந்து பேருக்குப் பதில் பன்னிரண்டு கையெழுத்து இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பருவ இதழ்ப் பிரிவு வழியாக வெளியேறும் வழி எனக்கும் தெரியும், நானும் இளைஞனாக இருந்தவன்தான். பெயர் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த ஏழு பேரும் 8 முதல் 4 வரை என்ற ஷிஃப்டை ஒரு மாதம்கூட விட்டுக்கொடுக்காதவர்கள் என்பது பதிவேட்டையும் அட்டவணையையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரியும்.

கணக்கு விவரம். வரவு செலவுக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது. பயிற்சிக் கையேடு அச்சிட்டதில் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடியது, அதை வேறொரு தலைப்பிலிருந்து சரிக்கட்டினோம். முழு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்பவர்கள் பார்க்கலாம். சந்தா பாக்கி மட்டும் போன வருடத்தைவிட நீண்டிருக்கிறது. இதோடு சேர்த்து ஒரு தகவல்: நம் நூலகத்தில் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் கோஹா. நியூசிலாந்தில் உருவானது, 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள், ஆனால் வாங்கியவர் பிறகு திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்பும் அதில் உண்டு. கையேட்டை வாங்கிக்கொண்ட உறுப்பினர்களுக்கு இதைத் தகவலாகத் தெரிவிக்கிறேன்.

அனுமதி தந்த நூலகருக்கும், ஆலோசனை வழங்கிய தலைவருக்கும், கணக்கைப் பார்த்துக்கொண்ட பொருளாளருக்கும், கணினிப் பிரிவினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. அந்த ஐந்து பேருக்கு என் சொந்த நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். சோதனைக் காலம் அடுத்த மாதம் முடிகிறது. நீட்டிப்பதற்கு முன் பயிற்சி வருகைப் பதிவேட்டையும் மாலைக் கவுன்ட்டர் பதிவையும் நூலகர் கேட்டிருக்கிறார். இருப்பதைத்தான் கொடுக்க முடியும். மறுபடி பழைய 10 முதல் 6 வரை எல்லோருக்கும் என்று வந்தால், பள்ளிக்குக் குழந்தைகளை விடுபவர்களும், வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும்தான் முதலில் சிரமப்படுவார்கள். அவர்களில் இருவர் ஒரு வியாழனைக்கூடத் தவறவிட்டதில்லை. செயலாளர் பதவிக்கு நான் மீண்டும் நிற்பதாக இல்லை. இதுவரை வேறு பெயர் எதுவும் முன்மொழியப்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அடுத்த மாத அட்டவணை அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. புதன் மாலைக் கட்டம் இன்னும் காலி. பேனாவைப் பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்