குத்துச்சண்டைச் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், மாஸ்டர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளை நம்பி நம்மிடம் அனுப்பும் பெற்றோருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடத்தின் கூரை ஒழுகியதை மழைக்கு முன் சரிசெய்தோம். கிழிந்த பேக் இரண்டை மாற்றினோம். காலைப் பயிற்சி தடையின்றி நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆடி மாதம் நம் கூடத்துத் தம்பி ஒருவன் பிளாஸ்டிக் கவரில் பதினோரு பக்கத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "அண்ணே, புரொஃபஷனலா ஆடக் கூப்பிடறாங்க. கடைசிப் பக்கத்துல கையெழுத்து போட்டா போதுமாம்" என்றான். முழுக்க ஆங்கிலம். நம் வழக்கறிஞர் உறுப்பினர் வரி வரியாகத் தமிழில் சொன்னார். ஐந்து வருடம் அவர்கள் காட்டும் ஆளோடுதான் மோத வேண்டும். காயத்தில் படுத்திருக்கும் நாள் அந்த ஐந்து வருடத்தில் சேராது. ஸ்கேன் செலவைப் பரிசுப் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். அவனுக்காகப் பேரம் பேச வேண்டிய மேனேஜரையும் அவர்களே போடுவார்கள். அவன் அம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். அதுவரை பேசாமல் இருந்தவர் அங்கே நிறுத்தச் சொன்னார்: "வாங்கறவனே விக்கறவனுக்கும் பேசினா, என் புள்ளைக்கு யாருப்பா பேசுவாங்க?"

அந்தக் கேள்விதான் இந்த ஆண்டு நம் மாதக் கூட்டங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.

அமெரிக்காவில் குத்துச்சண்டை வீரர் டிம் விதர்ஸ்பூனுக்கு நடந்ததும் இதேதான். அவருடைய புரமோட்டர், அதாவது சண்டைகளை ஏற்பாடு செய்து நடத்துபவர், டான் கிங். மேனேஜர், டான் கிங்கின் வளர்ப்பு மகன் கார்ல் கிங். 1986-ல் லண்டனில் ஃபிராங்க் புரூனோவை வீழ்த்தி உலகப் பட்டத்தைத் தக்கவைத்த விதர்ஸ்பூன் கையில் வந்தது சுமார் 90 ஆயிரம் டாலர். தோற்ற புரூனோவுக்குப் போனது சுமார் 9 லட்சம் டாலர். இதைப் படித்துக் காட்டியபோது கூடத்தில் பிள்ளைகள் யாரும் நம்பவில்லை; ஜெயித்தவருக்கா குறைவு என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அதற்கும் முன்னால், 1949 முதல் 1953 வரை அந்நாட்டில் நடந்த 44 பட்டச் சண்டைகளில் 36-ஐ ஒரே நிறுவனம் கையில் வைத்திருந்தது. பட்டத்துக்கு மோத வேண்டுமானால் அவர்களிடமே எழுதிக் கொடுக்க வேண்டும். 1959-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம்தான் அந்தப் பிடியை உடைத்தது.

2000 மே மாதம் அமெரிக்காவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி பெயரில் ஒரு சட்டம் வந்தது. "பெரிய ஆளோடு மோத வாய்ப்புத் தருகிறேன், உன் எதிர்காலத்தை எழுதிக் கொடு" என்று வாங்கும் உரிமைக்கு 12 மாதம்தான் எல்லை. பெரிய சண்டைகளில் புரமோட்டரும் மேனேஜரும் ஒரே கையாக இருக்கக் கூடாது. புரமோட்டர் தனக்கு வரும் வருமானத்தை வீரரிடம் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அரசே முன்வந்து வழக்குப் போட்டது அரிது. வீரர்தான் செலவு செய்து கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது.

1980-ல் அலி சென்னை வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடியதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கார்த்திகைக் கூட்டத்தில் எழுந்து, 1967-ல் அலி ராணுவத்துக்குப் போக மறுத்ததையும், பட்டமும் உரிமமும் பறிபோய் மூன்றரை ஆண்டு ரிங்குக்கு வெளியே நின்றதையும் சொன்னார். "அந்த வயசு திரும்ப வருமா?" என்று கேட்டவர் கண் கலங்கி உட்கார்ந்துவிட்டார்.

எதிர்க் கருத்தும் வந்தது. உலகப் பட்டம் தர நான்கு அமைப்பு, நான்கு பெல்ட் என்று இருப்பதால் நல்ல சண்டைகள் நடப்பதில்லை. ஒரே அமைப்பு இருந்தால் நடக்கும் என்றார்கள் சில இளைஞர்கள். தரவரிசையையும் பெல்ட்டையும் சண்டையையும் ஒரே அமைப்பு நடத்த வழிவிடும் மசோதா 2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸில் கொண்டுவரப்பட்டது. ரசிகனாக எனக்கும் நல்ல சண்டை வேண்டும். ஆனால் இப்படி எல்லாவற்றையும் தானே நடத்தும் கலப்புச் சண்டை (எம்எம்ஏ) நிறுவனம் யுஎஃப்சி; அலி சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத அதன் வீரர்கள் 2014-ல் அதன் மீது தொடுத்த வழக்கு 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிய 2025 ஆகிவிட்டது. அதற்குள் பலரின் ஆட்டக் காலமே முடிந்துவிட்டது. ஆகவே அந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆளைக் கட்டிப்போடும் நிபந்தனை செல்லாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு அதற்கு அடிப்படை. காலம் முடியும் முன்பு அது நமக்குப் பெரிதாக உதவாது.

அந்தத் தம்பி ஐந்துக்குப் பதில் இரண்டு வருடமும் சொந்த மேனேஜரும் கேட்டுக் கடிதம் எழுதினான். பதில் வரவில்லை. கையெழுத்துப் போடவில்லை, அது அவன் எடுத்த முடிவு. தை மாதம் வேறோர் இடத்திலிருந்து வந்த ஒப்பந்தத்தை நம் உறுப்பினர் ஒருவர் முழுதும் படித்து, மூன்று வரிகளை மாற்றச் சொல்லி, மாற்றிய பிறகு கையெழுத்திட்டார். அவருக்கும் சங்கம் துணை நிற்கும்.

இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாவதற்கு ஒரு வாரம் முன்பாவது, வீட்டார் முன்னிலையில் தமிழில் வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும். அடுத்தது நமக்கு: நிர்வாகிகளோ மாஸ்டர்களோ எந்தப் புரமோட்டரிடமும் கமிஷன் வாங்கக் கூடாது, வாங்கினால் பொறுப்பிலிருந்து விலக வேண்டும். முதல் கையெழுத்தை நானே போட்டு, தீர்மானப் புத்தகத்தை மேசையில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்