குலுக்கலில் வராத பெயர்

அன்பு மகளுக்கு,

பாப்பாவின் பெயர் கேந்திரிய வித்யாலயாவின் ஒன்றாம் வகுப்புப் பட்டியலில் இல்லை, காத்திருப்போர் பட்டியலிலும் எங்கோ அடியில் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் வருத்தம்தான். ஆனால், "ஆறு வயதுப் பிள்ளையின் படிப்பைச் சீட்டுக் குலுக்கியா தீர்மானிப்பது?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மத்திய அரசு நடத்தும் அந்தப் பள்ளிகளில் ஒன்றில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியே ஓய்வு பெற்றவள் நான்.

குலுக்கலைத் திட்டாதே அம்மா. அது இல்லாவிட்டால் அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்று யோசித்துப் பார். ஆறு வயதுக் குழந்தைக்குத் தேர்வு வைத்தால், எந்த வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்கள், யார் நல்ல மழலையர் பள்ளிக்குப் பணம் கட்டினார்கள் என்பதுதான் தெரியும். குழந்தையைப் பற்றி ஒன்றும் தெரியாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு இப்படி வடிகட்டுவதைத் தடுக்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை, அதற்குப் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். சரி, முந்தி வந்தவருக்கு இடம் என்று வைத்தால்? ராத்திரியே வாசலில் ஆள் நிறுத்த வசதியுள்ளவர் ஜெயிப்பார். தினக்கூலிக்குப் போகிற தாய் தோற்பாள்.

விண்ணப்பம் இணையத்துக்கு மாறும் முன்பு காகிதச் சீட்டுதான். எல்லாச் சீட்டும் ஒரே அளவாக வெட்டி, ஒரே மாதிரி மடித்து, பெற்றோர் முன்னிலையில் பெட்டியில் போடுவோம். ஒரு குழந்தையை அழைத்து எடுக்கச் சொல்வோம். ஒரு வருடம் கடைசி இடமும் முடிந்த பிறகு ஒருவர் எழுந்தார். ஏதோ பட்டறையில் வேலை பார்ப்பவர், கையில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது. "மீதிச் சீட்டுகளையும் பிரித்துக் காட்டுங்கள், என் பிள்ளை பெயர் உள்ளே இருந்ததா என்று பார்க்க வேண்டும்" என்றார். சிலர் முகம் சுளித்தார்கள். நான் பெட்டியை மேசைமேல் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவர் மகன் பெயர் கிடைத்தது. "இருந்திருக்கிறது, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இடம் கிடைக்காத ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடிந்தது என்றால் அந்த முறையில் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால், சீட்டு எடுப்பது மட்டும் நியாயமாக இருந்தால் போதாது. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி நாம் குடவோலையைப் பெருமையாகப் பேசுகிறோம். குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஒரு சிறுவன்; அதில் சூதில்லை. அந்தக் குடத்துக்குள் யார் பெயர் போயிற்று? வரி செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உள்ளவர் பெயர்தான். உழுதவன் பெயர் போகவில்லை. கேள்வி எப்போதும் குடத்துக்கு முன்னால் இருக்கிறது.

உன் விஷயத்தில் நடந்ததும் அதுதான். துரதிர்ஷ்டம் என்று நீ நினைக்கிறாய். கல்வி உரிமைச் சட்டப்படி கால் பங்கு இடம் முதலில் அக்கம்பக்கத்து ஏழைக் குழந்தைகளுக்கும் ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கும் போகிறது. அதற்குக் குலுக்கல் உண்டு. மிச்சத்தில் மத்திய அரசு ஊழியர், மத்தியப் பொதுத்துறை ஊழியர், மாநில அரசு ஊழியர், மாநிலப் பொதுத்துறை ஊழியர் என்று வரிசை. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் உங்களைப் போன்றவர்கள் ஐந்தாவது. நெரிசலான பள்ளிகளில் அந்த வரிசை உங்களிடம் வரும்போது பெரும்பாலும் இடமே மிஞ்சியிருக்காது.

இந்த வரிசை அநியாயமா என்றால், முழுக்க இல்லை என்பேன். இந்தப் பள்ளிகள் 1963இல் இருபது ராணுவப் பள்ளிகளை எடுத்து நடத்தித் தொடங்கப்பட்டவை. ஊர் ஊராக மாற்றப்படும் ஊழியர்களின் பிள்ளைகள் படிப்பு அறுந்துபோகக் கூடாது என்பதே நோக்கம். கடந்த ஏழு ஆண்டுகளில் எத்தனை முறை பணிமாற்றம் ஆனது என்று பார்த்து முன்னுரிமை தருவதும் அதனால்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைக்கு ஜூலையில், குலுக்கல் எல்லாம் முடிந்த பிறகு, வேறு ஊர்க் கேந்திரிய வித்யாலயாவின் மாற்றுச் சான்றிதழைக் காட்டியதும் இடம் கொடுத்துவிட்டார்கள் என்று கொதித்திருந்தாய். என் வகுப்புக்கு ஒருமுறை அசாமின் ஜோர்ஹாட்டிலிருந்து ஒரு சிறுமி நடுவருடத்தில் வந்தாள். தமிழில் ஒரு சொல் தெரியாது. வகுப்பு நிரம்பி வழிந்தது. இன்னொரு பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டோம். புத்தகத்தைப் பிரித்தவள், தானாகவே பாடம் இருந்த பக்கத்தைக் கண்டுபிடித்து விரலை வைத்தாள். அங்கே விட்ட இடத்திலிருந்து இங்கே தொடர்ந்தாள். அவள் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. அவளுக்காகத்தான் அந்தப் பள்ளியே கட்டப்பட்டது.

மாப்பிள்ளையின் நண்பர் சொன்ன யோசனை அப்படிப்பட்டதல்ல. கூட்டம் குறைந்த வெளியூர்ப் பள்ளியில் பாப்பாவைச் சேர்த்து, சில மாதம் பெயருக்கு அங்கே வைத்திருந்து, பிறகு ஆள் பிடித்து உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்வது. பெற்றோருக்குப் பணிமாற்றம் இல்லாமல் மாற்றல் கேட்டால் அது மேலதிகாரியின் அனுமதிக்குப் போகும். அங்கேதான் சிபாரிசு நுழைகிறது. அதில் எனக்குத் துளியும் சம்மதம் இல்லை. பட்டறைக்காரர் மகன் போல வரிசையில் நின்று பெயர் வராமல் போன எல்லாக் குழந்தைகளையும் தாண்டிக்கொண்டு நம் பாப்பா பின்வாசல் வழியாகப் போக வேண்டாம். நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்துப் பேரைச் சிபாரிசு செய்யலாம் என்றிருந்த ஒதுக்கீட்டை 2022இல் நிறுத்தினார்கள். இரண்டு அவைகளையும் கணக்கிட்டால் ஆண்டுக்கு 7,000 இடங்களுக்கு மேல். அது போனபோது நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். வேறு பெயரில் அதையே நம் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன்.

உன் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதைப் பள்ளி எழுத்தர்மேல் காட்டாதே. குறைந்த கட்டணத்தில் நன்றாக நடக்கும் அரசுப் பள்ளி ஊருக்கு ஒன்று இரண்டாக இருப்பதால்தான் ஒரு இடத்துக்கு இத்தனை குழந்தைகள் போட்டியிட வேண்டியிருக்கிறது. அதைக் கேள், உரக்கக் கேள்.

இப்போதைக்கு, உங்கள் தெருமுனை மாநகராட்சிப் பள்ளிக்கு ஒருநாள் பாப்பாவோடு போய் வகுப்பில் கொஞ்சநேரம் உட்கார்ந்து பார். கழிப்பறையையும் பார்; தலைமையாசிரியரிடம் ஒன்றாம் வகுப்புக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று கேள். பிடித்திருந்தால் அங்கேயே சேர்த்துவிடு. கேந்திரிய வித்யாலயாவேதான் வேண்டுமென்றால், இரண்டாம் வகுப்பில் இடம் காலியாகும்போது ஏப்ரலில் பதிவு செய்யலாம். அறிவிப்பு வருகிறதா என்று நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் நண்பர் விஷயத்தை நீ பேச வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா