அண்ணாவுக்கு: ஹர்ட்ஸை வளர்த்தது அந்த ஓர் இரவு அல்ல

அன்புள்ள அண்ணா,

ஜனவரி 8 வந்ததும் அந்தப் பழைய பதிவை நீங்கள் மறுபடியும் பகிர்ந்திருக்கிறீர்கள். 2018இல் அட்லாண்டா மைதானத்தில், அமெரிக்கன் ஃபுட்பாலின் கல்லூரி இறுதிப்போட்டியில், இடைவேளையோடு ஓரத்தில் நிறுத்தப்பட்ட ஜேலன் ஹர்ட்ஸ் என்ற பத்தொன்பது வயது அலபாமா குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து அணியை நடத்துபவர்), பின்னாளில் தொழில்முறை லீகின் சூப்பர் பௌல் பட்டத்தை வென்றதை உருக்கமாக எழுதி, அந்த அவமானம்தான் அவரை ஆளாக்கியது என்று முடித்திருந்தீர்கள். கீழே உங்கள் நண்பர்கள் வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். வேறு ஆண்டாக இருந்தால் படித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். இந்த ஆண்டு நம் பையன், உங்கள் மகன், தான் ஆடும் கல்லூரியை விட்டு வேறொன்றுக்குப் போவது என்று ஒரு முடிவை எடுத்திருக்கிறான். அதை உங்களுக்கு முன்னால் என்னிடம் சொன்னான். அதனால் என் அழைப்பை நீங்கள் எடுப்பதில்லை. எல்லோரும் பார்க்கும்படி நீங்கள் சொன்னதற்கு எல்லோரும் பார்க்கும்படியே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவன் பெயரையோ, அவன் ஆடும் கல்லூரியையோ, அவன் போகப்போகும் இடத்தையோ இங்கே எழுதமாட்டேன். ஊகிக்கக் கூடியவர்கள் ஊகிப்பார்கள். அதை வெளியே சொல்லாமல் இருந்தால் அவர்களுக்கு நன்றி. அவனுடைய பயிற்சியாளர்களைப் பற்றியும் குறையாக ஒரு சொல் எழுதப்போவதில்லை. அவன் இன்னும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவன்.

அந்த இரவைப் பற்றி நீங்கள் எழுதியதில் பிழை எதுவும் இல்லை. முதல் பாதியில் ஹர்ட்ஸ் எட்டு முறை எறிந்து மூன்றுதான் கைசேர்ந்தது, மொத்தம் 21 யார்டு. ஜார்ஜியா 13-0 என்று முன்னால் நின்றது. அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் அவரை உட்கார வைத்துவிட்டு, முதலாம் ஆண்டு மாணவரான டுவா டங்கோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் 41 யார்டு எறிதலில் அலபாமா 26-23 என்று வென்றது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை உங்கள் பதிவு ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது. ஹூஸ்டன் பக்கத்து சேனல்வியூவில் வளர்ந்த பையன் என்பதால் ஹர்ட்ஸ் நம் வீட்டுப் பிள்ளை போல என்று சொல்வீர்களே, அப்படியானால் அவர் கதையை முழுதாகச் சொல்ல வேண்டாமா?

முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். 2016இல் அவர் பதினெட்டு வயதில் அலபாமாவின் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனார். அங்கே முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது 32 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அந்த ஆண்டே, அலபாமா ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பான எஸ்.இ.சி.யின் சிறந்த ஆஃபென்ஸ் (தாக்கி ஆடும் பக்கம்) ஆட்டக்காரர் என்ற விருதும் வந்தது. தேசிய இறுதிப்போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஆட்டத்தை வகுத்துக் கொடுத்துவந்த லேன் கிஃபின் போய் ஸ்டீவ் சார்கிசியன் வந்தார். அப்படியும் கிளெம்சனுக்கு எதிராக இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சமிருக்கையில் 30 யார்டு தானே ஓடி அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். ஒரு விநாடி மிச்சமிருக்கையில் அந்தப் பட்டம் கைவிட்டுப் போயிற்று. ஆட்டம் வகுக்கும் இடத்துக்கு அடுத்த ஆண்டு பிரையன் டேபோல், அதற்கடுத்த ஆண்டு மைக் லாக்ஸ்லி. ஆண்டுக்கு ஓர் ஆசான், ஆண்டுக்கு ஒரு பரிபாஷை.

2017இல் அவர் 17 டச்டவுன் (எல்லைக்கோட்டைக் கடந்து எடுக்கும் புள்ளிகள்) எறிந்து ஒரே ஓர் இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்) கொடுத்தார் என்பதைக் கட்டுப்பாட்டுக்குச் சான்றாக நீங்கள் எடுத்துக்காட்டுகிறீர்கள். எனக்கு அந்த எண்ணில் வேறொன்று தெரிகிறது. அது தவறு செய்ய அனுமதி இல்லை என்று நம்பிவிட்ட ஒரு பையனின் எண். ரிசீவர், அதாவது பந்தைப் பிடிக்க ஓடுபவர், திரும்புவதற்கு முன்பே பந்தை விட வேண்டிய இடத்தில், அவர் திரும்பிய பிறகு எறியலாம் என்று காத்திருந்தால் இன்டர்செப்ஷன் குறையும். அந்த அரை விநாடியில், எறிபவரைச் சுற்றிச் சொந்த அணியினர் அமைக்கும் காவலான பாக்கெட் சரிந்துவிடும். பிறகு ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. அவர் ஓடினார். ஓடத் தெரிந்ததனால் அந்தக் குறை வெகுநாள் மறைந்தும் இருந்தது.

நம் பையனுக்கும் இதேதான் நடந்துகொண்டிருந்தது, அண்ணா. இதை உங்களிடம் சொல்ல வேண்டியவள் நான்தான். பல முறை சொல்ல வந்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் கால்பகுதியில் அவனை வெளியே எடுத்ததையோ, மழையையோ, உங்கள் பின்வரிசையில் ஒருவர் கத்தியதையோ நான் சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். நான் சொல்ல வந்தது காரில் நடந்தது. நீங்கள் ஓட்டினீர்கள், அண்ணி உங்கள் பக்கத்தில், நானும் அவனும் பின்னால். விலாவில் ஐஸ் பையை வைத்து பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிட்டிருந்தார்கள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் அது சரசரத்தது. முதல் சிவப்பு விளக்கில் கைபேசியை எடுத்து அந்த ஆட்டத்துணுக்கை ஓடவிட்டு, ஒரு சட்டகத்தில் நிறுத்தி, பின்னால் நீட்டி, “இதோ பார், கண்ணைக் கீழே போட்டுவிட்டாய்” என்றீர்கள். உண்மைதான். ரிசீவர்களைத் தேட வேண்டிய கண்கள், தன்மேல் பாய்ந்து வரும் இருவரின் மேல் விழுந்திருந்தன. அடுத்த விளக்கிலும் அதையே காட்டினீர்கள். அவன் வாய் திறக்கவில்லை. திமிர் என்றீர்கள்.

உங்களுக்கு முன்னால் சாலை இருந்தது. எனக்குப் பக்கத்தில் அவன் கை இருந்தது. டேப் ஒட்டிய பசை போகாத வலது கையைத் தொடைமேல் வைத்து, கட்டைவிரலால் சுட்டுவிரலைத் தொட்டான், பிறகு நடுவிரலை, பிறகு மோதிரவிரலை, மறுபடியும் சுட்டுவிரலை. முதல் ரிசீவர், இரண்டாமவர், மூன்றாமவர். எந்த ஆட்டத்துணுக்கை நீங்கள் நிறுத்தி நிறுத்திக் காட்டினீர்களோ, அதையே அவன் சரியான வரிசையில், சரியான வேகத்தில், விடாமல் ஆடிக்கொண்டிருந்தான். வீடு வரும்வரை அந்தக் கட்டைவிரல் நிற்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன தவறு நடந்தது என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை, அண்ணா.

அன்று இரவு சமையலறையில் அவன் என்னிடம் சொன்னதைச் சொல்ல இப்போதுதான் அவனிடம் அனுமதி வாங்கினேன். 2024 முதல் பயிற்சியாளரின் குரல் தலைக்கவசத்துக்குள்ளேயே கேட்கிறது, ஒவ்வொரு முறையும் பந்தை ஆட்டத்துக்கு எடுக்கத் தரும் நேரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது விதிப்படி அது துண்டிக்கப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். “அத்தை, கோச் குரல் நின்றதும் அப்பா குரல் ஆரம்பித்துவிடுகிறது” என்றான். குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. காலில் ஒரு வலி இருப்பதைச் சொல்வது போலச் சொன்னான். எதிரணியின் சேஃப்டி (கடைசி வரிசைத் தடுப்பாளர்) எங்கே நிற்கிறார், பிளிட்ஸ் (எறிபவர்மேல் கூடுதல் ஆட்கள் பாய்வது) எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்த்து, தேவைப்பட்டால் வகுத்த ஆட்டத்தையே மாற்ற அவனுக்கென்று கிடைப்பது அந்தப் பதினைந்து விநாடிதான். அதில் அவன் தனியாக இருக்க வேண்டும்.

இதை நான் உங்களிடமிருந்து மறைத்தேன். நவம்பரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியலில்) பெயர் கொடுக்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோது அதையும் மறைத்தேன். உங்களுக்கு வலித்திருக்கும், அந்த வலிக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் மறைக்காமல் இருந்திருந்தால், அன்றிரவே நீங்கள் அந்தக் கல்லூரி வாசலில் நின்றிருப்பீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும். மீண்டும் அதே நிலை வந்தால், மீண்டும் அவன் பக்கம் நின்று வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன். பெற்றவருக்குத் தெரியாமல் அத்தை எப்படி முடிவெடுக்கலாம் என்று குடும்பக் குழுவில் கேட்டீர்கள். நான் எதையும் முடிவெடுக்கவில்லை. அவன் வயது வந்தவன். முடிவெடுக்கும்வரை அவன் பேச ஓர் இடம் வேண்டியிருந்தது.

திருநெல்வேலியில் கிரிக்கெட் தவிர வேறொன்றும் அறியாமல் வளர்ந்த நீங்கள், பையனுக்கு ஆசை என்று தெரிந்ததும் நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து, பென்சிலால் வட்டமும் அம்பும் போட்டு இந்த ஆட்டத்தைக் கற்றீர்கள். ஹூஸ்டன் ஆகஸ்டு வெயிலில், வேலை முடிந்து வந்த சட்டையோடு, கொல்லைப்புறத்தில் கட்டித் தொங்கவிட்ட டயரை ஆட்டிவிட்டு அவனை எறியச் சொல்லி நின்றீர்கள். தவறிய பந்தையெல்லாம் நீங்களே ஓடிப்போய் எடுத்துவந்தீர்கள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அந்தப் பந்து டயருக்குள் புகுந்தபோது நீங்கள் சிரித்த சிரிப்பை நம் அப்பா உயிரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அவன் கையில் இருக்கும் நல்லதெல்லாம் உங்களிடமிருந்து வந்தது. அதே நீங்கள், உதவித்தொகைக் கடிதம் வந்த நாளிலிருந்து அவனை ஒரு முதலீடாகப் பார்க்கத் தொடங்கியதை நான் மன்னிக்கவில்லை. கடினமான சொல்தான், நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான் எழுதுகிறேன். நீங்களும் நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான் அவனை “அழுத்தம் தாங்காதவன்” என்று எழுதினீர்கள்.

இனி, ஹர்ட்ஸுக்குப் பின்னால் நடந்தது. 2018இல் நான்கு ஆட்டங்களுக்குள் ஒதுங்கிக்கொண்டால் ஓர் ஆண்டை மிச்சப்படுத்தி வேறிடம் போகலாம் என்ற புது விதி வந்திருந்தது. பலரும் அவர் போவார் என்றே எழுதினார்கள். அவர் இருந்தார். அந்த ஆகஸ்டில் செய்தியாளர்களிடம் அவர் சொன்னதை உங்கள் பதிவில் காணவில்லை: அந்த வசந்த காலம் முழுக்கத் தன் மனநிலை என்ன என்று பயிற்சியாளர்கள் உட்பட ஒருவரும் தன்னிடம் கேட்கவில்லை என்றார். அவமானம் ஆசானாக இருந்திருந்தால் அவர் ஏன் அதைச் சொல்லப்போகிறார்? இருந்த காலத்தில் அவர் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்தபடியே எறிதலைத் திருத்திக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் உலகமே பார்த்துத் தீர்ப்புச் சொல்லாத ஓர் ஆண்டு அவருக்குக் கிடைத்தது. 2018 டிசம்பர் 1, அதே அட்லாண்டா, அதே ஜார்ஜியா, 28-21 என்று பின்தங்கிய நிலையில் டுவா காயப்பட்டு வெளியேற, இவர் இறங்கி ஒரு டச்டவுனை எறிந்து இன்னொன்றை ஓடி 35-28 என்று முடித்தார். படிப்பை முடித்துப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டுதான் ஓக்லஹோமா கல்லூரிக்குப் போனார்.

போனதைத்தான் நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அங்கே பயிற்சியாளர் லிங்கன் ரைலியிடம் 2019இல் அவர் 69.7 சதவீதம் கைசேர எறிந்தார். அந்த ஆண்டு ஹைஸ்மன் (சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருது) வாக்கெடுப்பில் முதல் மூன்று இடத்துக்கு வந்த ஜோ பர்ரோ, ஹர்ட்ஸ், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் மூவருமே ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்குப் போனவர்கள். பர்ரோ ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்று ஆண்டுகள் காத்திருந்து வாய்ப்பு வராமல் எல்.எஸ்.யு.வுக்குப் போனவர். “ஓடிப்போகிறான்” என்று நம் பையனைச் சொல்லும் முன் இந்த மூன்று பெயரையும் ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

பிறகு தொழில்முறை ஆட்டத்தில், பிலடெல்பியா அணியிலும் முதல் ஆண்டில் 52 சதவீதம்தான் கைசேர்ந்தது. அடுத்த ஆண்டு 61.3. அதே தலைமைப் பயிற்சியாளர், அதே ஆட்டமுறை இரண்டாவது ஆண்டும் தொடர்ந்தபோது 66.5. பள்ளியில் தன் அப்பாவிடம் ஆடிய காலத்துக்குப் பிறகு, நேற்றுக் கற்றதை இன்று மறக்க வேண்டியில்லாத நிலை அவருக்கு அப்போதுதான் வாய்த்தது. அவர் மன உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இடையிலேயே முறிந்திருப்பார். ஆனால் உறுதி அவரைத் தாங்கித்தான் நின்றது. ஆட்டக்காரராக அவரை வளர்த்தது தொடர்ச்சி. அடித்தால்தான் வளர்வான் என்பதற்கு அவரைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டு எந்த இடமும் கிடைக்காமல் நிற்கும் பையன்கள் ஏராளம் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பணம் கூடுதலாகத் தருகிறோம் என்ற ஒரு கல்லூரியை அவன் வேண்டாம் என்றான். அழைத்த பயிற்சியாளர்களிடம் அவன் முதலில் கேட்டது, ஆட்டங்களை வகுப்பவர் யார், அவர் இன்னும் எத்தனை ஆண்டு அங்கே இருப்பார் என்பது. இரண்டாவதாக, தன் படிப்புக் கிரெடிட்டுகளில் எத்தனை ஏற்கப்படும் என்று கேட்டான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, பென்சிலும் நூலகப் புத்தகமுமாக உட்கார்ந்திருந்த உங்களைப் பார்த்தது போல இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவன் அறையைக் காலி செய்ய வேண்டும். கட்டிலும் மேசையும் என் காரில் ஏறாது. உங்கள் பிக்கப்பைக் கொண்டுவர முடியுமா என்று உங்களிடம் கேட்கச் சொல்லி என்னிடம் சொல்லியிருக்கிறான். நீங்களே வர வேண்டும் என்பதுதான் அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். புது ஊருக்கு ஒன்பது மணி நேர ஓட்டம். வழியில் ஆட்டத்தைப் பற்றி அவனாகப் பேச்செடுத்தால் பேசுங்கள், இல்லையென்றால் வேண்டாம். வருகிறீர்களா இல்லையா என்பதை வியாழனுக்குள் அண்ணியிடமாவது சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நான் வாடகை வண்டிக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கை