அரசாணையைப் படமாக அல்ல, எழுத்தாகத் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுச் சேவைகள் இணையத்துக்கு வந்திருப்பதைப் பாராட்டி உங்கள் இதழில் வந்த தலையங்கத்தை என் கைபேசியின் திரைவாசிப்பான் வாசிக்கக் கேட்டேன். சான்றிதழுக்கும் வரி கட்டவும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். பேருந்து ஏறி, துணைக்கு ஓர் ஆளைத் தேடி, அலுவலகப் படிக்கட்டைத் தடவி ஏறிய என்னைப் போன்ற பார்வையற்றவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பெரிய விடுதலை. ஆனால் தலையங்கம் தொடாமல் விட்ட ஒன்று இருக்கிறது. தமிழில் இணையத்தில் ஏற்றப்படும் அரசாணைகளும் சுற்றறிக்கைகளும் அறிவிக்கைகளும் ஏராளமாகப் படமாகத்தான் ஏறுகின்றன, எழுத்தாக அல்ல. படத்தை எங்களால் படிக்க முடியாது.

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பார்வையற்ற மாணவர்களுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தருகிறேன். "அக்கா, புது அறிவிக்கை வந்திருக்காம், இதுல என்னதான் போட்டிருக்கு?" என்று ஒரு பிடிஎஃப் கோப்பை அனுப்புவார்கள். திறந்தால் என் கணினி 'காலியான பக்கம்' என்கிறது. கடைசித் தேதியும் வயது வரம்பும் மாற்றுத்திறனாளிகளுக்கான இடஒதுக்கீடும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பார்வையுள்ள யாராவது வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். வருகிறவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், பொறுமையும் இருக்க வேண்டும். அறிவிக்கையாவது பரவாயில்லை. வங்கிக் கடிதத்தையும் மருத்துவ அறிக்கையையும் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

திரைவாசிப்பான் என்பது பெரிய மாயமொன்றும் இல்லை. திரையில் எழுத்தாக இருப்பதைக் குரலாக மாற்றும் மென்பொருள், அவ்வளவுதான். மைக்கேல் குர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் தொடங்கி, தன்னைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டெ-யோடு சேர்ந்து வளர்த்த என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது; தமிழும் பேசுகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் இருக்கிறது, ஐபோனில் வாய்ஸ்ஓவர் இருக்கிறது. பக்கம் ஒழுங்காக அமைந்திருந்தால் என்விடிஏ-வில் 'எச்' விசையைத் தட்டித் தட்டியே தலைப்பு தலைப்பாகத் தாவிவிடலாம். நீங்கள் கண்ணால் மேய்வதை நாங்கள் காதால் மேய்வோம். கருவி எங்கள் கையில் இருக்கிறது. அதற்குக் கொடுக்க எழுத்துதான் இல்லை.

ஒரு சுற்றறிக்கை எப்படி இணையத்துக்கு வருகிறது என்று பார்த்தால் வேதனையாக இருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் அதைக் கணினியில் தட்டச்சு செய்கிறார். அந்த நிலையில் அது முழுக்க எழுத்து, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருந்தால் எந்தத் திரைவாசிப்பானும் படித்துவிடும். அப்புறம் அச்செடுக்கிறார்கள். அதிகாரி கையெழுத்துப் போடுகிறார், முத்திரை விழுகிறது. அந்தத் தாளைச் சற்றுச் சாய்வாக ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிடுகிறார்கள். இருந்த எழுத்தை நாமே அழித்துவிட்டு, ஒரு புகைப்படத்தை வெளியிடுகிறோம். ஒரு கையெழுத்துக்காகவா இவ்வளவும்? டிஜிட்டல் கையொப்பத்துக்கு 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே மதிப்புக் கொடுத்துவிட்டது. அதற்கு மாற இன்னும் நாளாகும் என்றால், ஸ்கேன் செய்த பிரதிக்குப் பக்கத்தில் தட்டச்சு செய்த மூலக் கோப்பையும் ஏற்றலாமே. புது மென்பொருள் வாங்க வேண்டாம், ஆள் எடுக்க வேண்டாம், நிதி ஒதுக்க வேண்டாம். கோப்பு ஏற்கெனவே அந்தக் கணினியில்தான் இருக்கிறது.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் வந்துவிட்டனவே என்று சிலர் கேட்பார்கள். வந்திருக்கின்றன, தினமும் பயன்படுத்துகிறேன், நன்றியோடுதான். ஆனால் அவற்றை நம்பி ஒரு விண்ணப்பம் போட முடியாது. தமிழில் ரகரமும் துணைக்காலும் பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் அவை அடிக்கடி குழம்பிவிடும். முத்திரை விழுந்த இடத்தில் எண்கள் போய்விடும். அட்டவணை என்றால் கேட்கவே வேண்டாம், ஒரு பதவியின் பெயர் இன்னொரு பதவியின் சம்பளத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடைசித் தேதியில் ஓர் எண் மாறினால் ஒரு மாணவருக்கு ஒரு வருடம் போய்விடுகிறது.

எழுத்தாகவே இருந்தும் பயன்படாத கோப்புகளும் உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை அவை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் உங்கள் கண்ணுக்குத் தமிழ் என்றே தெரியும். உள்ளே இருப்பதென்னவோ ஆங்கில எழுத்துகள். என் கணினி அதை "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று வாசிக்கும். ஒரு முழு வரலாற்றுப் பாடத்தை இப்படிக் கேட்க நேர்ந்தால் எப்படியிருக்கும்? தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய எழுத்துருக் கோப்புகள் புதிதாக வந்துகொண்டிருக்கின்றன. நம் பதிப்பகங்களின் அச்சுக் கோப்புகளிலும் இதே சிக்கல் உண்டு. அச்சில் உள்ள நூல்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடும் இந்தியாதான். சட்டம் கதவைத் திறந்துவிட்ட பிறகும், ஒரு தமிழ் நூலை முதலிலிருந்து கையால் தட்டச்சு செய்ய ஒரு தன்னார்வலரைத் தேட வேண்டியிருக்கிறது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் எல்லாம் எங்களுக்கு அணுகக்கூடிய வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கில், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்த பெண்கள், வங்கிக் கணக்கு தொடங்கக் கேமரா முன் கண் சிமிட்ட வேண்டும் என்ற நிபந்தனையால் திணறியதுதான் அந்த வழக்கின் பின்னணி. தீர்ப்பு வந்த நாளில் என் மாணவர்கள் அதன் ஆங்கிலப் பிரதியை வரி வரியாகக் கேட்டார்கள்.

இது எங்கள் பிரச்சினை மட்டுமில்லை. காது கேளாதவர்களுக்குக் காணொளியில் வசன வரிகள் வேண்டும், சைகை மொழி வேண்டும். கை நடுங்குகிறவர்களுக்கு மவுஸ் இல்லாமல் விசைப்பலகையாலேயே படிவத்தை நிரப்ப வழி வேண்டும். அவர்கள் தரப்பை அவர்கள் எழுதினால் இதைவிட நன்றாக எழுதுவார்கள், நீங்கள் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். நான் எனக்குத் தெரிந்த எழுத்தோடு நிற்கிறேன்.

இனி உங்களிடம் நேரடியாகச் சில கோரிக்கைகள். மழைக்காலத்தில் அதிகாலையில் எல்லோரும் தேடுவது, எந்தெந்த மாவட்டங்களில் பள்ளிக்கு விடுமுறை என்ற செய்தியைத்தான். நீங்கள் உட்பட எல்லா ஊடகங்களும் அதை வண்ண அட்டையாகச் சமூக வலைத்தளங்களில் போடுகிறீர்கள். மாவட்டப் பெயர்கள் படத்துக்குள் இருக்கும், மேலே 'விடுமுறை அறிவிப்பு' என்ற இரண்டு சொற்கள் மட்டும் எழுத்தாக இருக்கும். புயல் எச்சரிக்கைக்கும் இதே கதைதான். அந்தப் பெயர்களைப் பதிவிலேயே ஒரு வரியாக எழுதிவிட்டால் போதும். உங்கள் இணையதளத்தில் படங்களுக்கு மாற்று உரை (படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் குறிப்பு) எழுதும்போது 'படம் 1' என்றோ கோப்பின் பெயரையோ விடாமல், படம் என்ன செய்தியைச் சொல்கிறதோ அதை எழுதச் சொல்லுங்கள். வரைபடம் என்றால் எது கூடியது, எது குறைந்தது என்பது அதில் வர வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்துவிட்டால் எங்கள் வாசிப்பான்கள் தாமாகவே தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ளும். இப்போது பல தமிழ்த் தளங்கள் ஆங்கிலம் என்று அறிவித்துக்கொண்டு தமிழில் எழுதுகின்றன. 'செய்தியைக் கேளுங்கள்' என்ற பொத்தானை வைத்திருக்கிறீர்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் அது முழுச் செய்தியையும் ஒரே மூச்சில் வாசிக்கிறது. ஒரு பெயரின் எழுத்துக்கூட்டலைப் பார்க்கவோ ஒரு வரிக்குத் திரும்பிப் போகவோ அதில் வழியில்லை.

அப்புறம், உங்கள் செய்தியாளர்கள் ஒரு காரியம் செய்யலாம். துறைச் செயலாளர்களைச் சந்திக்கும்போது, மூலக் கோப்பையும் சேர்த்து ஏற்றுவதில் என்ன தடை என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலைப் பெயரோடு வெளியிடுங்கள். நாங்கள் மனுவாகக் கொடுத்தால் கோப்பில் போய்ச் சேர்ந்துவிடும், நீங்கள் கேட்டால் பதில் வரும்.

உங்கள் தளத்தைத் திரைவாசிப்பானோடு சோதித்துப் பார்க்க இணையப் பிரிவினருக்கு ஆள் வேண்டுமென்றால் என் மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள். எங்கே தடுக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதித் தருவார்கள். அவர்களுக்குத் தேர்வு இல்லாத ஒரு வாரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திண்டுக்கல்