சுவிட்சுக்கு முன் காற்றை வெளியேற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பம்பின் சுழலும் தண்டை (ஷாஃப்ட்) ஒட்டித் திரவம் வெளியேறாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் கசிந்தால் 'மட்டமான சரக்கு' என்று விற்றவரைத் திட்டுகிறார்கள். 31 ஆண்டுகள் பம்ப் ஃபிட்டராக இருந்தவன் நான். என் கையால் கழற்றிய சீல்களில் பல, ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே உயிரை விட்டவை.

சீலுக்குள் கார்பன் வளையமும் சிலிக்கான் கார்பைடு வளையமும் முகத்தோடு முகம் ஒட்டியிருக்கும். ஒன்று நிற்க, மற்றது தேயாமல் சுழல, இடையில் ஏறக்குறைய 1 மைக்ரான் தடிமனில் திரவப் படலம் வேண்டும். அங்கே காற்று தங்கிவிட்டால் படலம் ஏது? வளையம் சூடேறி விரிசல் விடும், ரப்பர் ஓ-ரிங் கருகும். பம்ப் நிரம்பிவிட்டது என்று நினைத்திருப்போம். சீல் அறையின் உச்சியில் காற்று பதுங்கியிருக்கும். தண்ணீர் பம்ப் என்றால் உறிஞ்சு வால்வைத் திறந்து, மேலேயுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழ் அடங்கித் தாரையாக நீர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஷாஃப்டைக் கையால் இரண்டு சுற்று சுற்றினால் மிச்சக் காற்றும் 'களுக்'கென்று வெளியேறும். அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்து நிற்பேன். உடன் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

நானும் யோக்கியன் இல்லை. ஷிப்ட் முடியும் அவசரத்தில் ஒருமுறை கார்ட்ரிட்ஜ் சீலின் (முழுதாகக் கோத்தே வரும் சீல்) செட்டிங் கிளிப்புகளைக் கழற்றாமலே ஓட்டிவிட்டேன். பொருத்தும்போது சீலை இடம் மாறாமல் பிடித்திருக்கும் கிளிப்புகள் அவை; ஓட்டுமுன் கழற்ற வேண்டும். கிளிப் வளைந்து சிதறியது, புது சீல் குப்பைக்குப் போனது.

இத்தனையும் கையேட்டில் இருக்கிறது. கையேடுதான் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சிட்டுப் பம்ப் அருகே ஒட்டினால் என்ன?

ஓய்வுபெற்ற பம்ப் ஃபிட்டர்